கந்தையில் தைத்த பெயர்கள்

1942 மார்ச்சில், சிங்கப்பூரில் பிடிபட்ட ஐரோப்பியப் பெண்களும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 400 பேர் சாங்கி சிறைக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். ஆண்கள் தனியாக அடைக்கப்பட்டார்கள். கணவன் உயிரோடு இருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது. மனைவி எங்கே என்று கணவனுக்கும் தெரியாது. கடிதத்துக்கு அனுமதி இல்லை.

அங்கிருந்த எத்தல் முல்வேனி என்ற கனடாக்காரப் பெண் ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கு ஆறு அங்குலச் சதுரத் துணி ஒன்று. அதில் தன்னைப் பற்றி ஏதாவது ஒன்றைப் பூத்தையலாகப் போட்டு, தன் பெயரையும் தைத்துத் தர வேண்டும். 66 சதுரங்களை இணைத்தால் ஒரு போர்வை. இப்படி மூன்று போர்வைகள் உருவாயின. காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலியருக்கு ஒன்று, ஜப்பானியருக்கு ஒன்று. ஜப்பானியருக்கும் ஒன்று சேர்த்தால் மற்ற இரண்டையும் மருத்துவமனைக்குள் விடுவார்கள் என்பது கணக்கு. வெளியே சொன்ன காரணம் நோயாளிகளுக்குப் போர்வை. உள்ளே இருந்த காரணம் வேறு. 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்பதைக் கணவனுக்குச் சொல்ல அந்தச் சதுரத்தில் இருந்த பெயர் போதும்.

அதே சிறையில் பெண் சாரணச் சிறுமிகள் சிலர், தங்கள் தலைவி எலிசபெத் என்னிஸின் பிறந்தநாளுக்காக அறுகோணத் துண்டுகளை ரகசியமாக ஒட்டுத் தைத்தார்கள். துணி, கிழிந்த உடுப்புகளிலிருந்து. நூல், பழைய துணியைப் பிரித்து எடுத்தது. அது இப்போது லண்டனில் உள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்ற மூன்றில் ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும் இரண்டு ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும் உள்ளன. போர்வையில் பெயர் இருந்ததால் ஒவ்வொரு பெண்ணையும் பின்னால் வந்த ஆய்வாளர்கள் தேடிப் போக முடிந்தது.

சாங்கியிலிருந்து பாலத்தைத் தாண்டினால் ஜொகூர். அதே வருடங்களில் இங்கேயும் பெண்கள் இருந்தார்கள், துணியும் ஊசியும் இருந்தன. இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியது. அவர்களில் ஒருத்தி என் பாட்டி.

சாக்கும் சயாமும்

மலாயாவின் துணி பெரும்பாலும் கப்பலில் வந்தது. போர் வந்ததும் கப்பல் நின்றது. ஒரு வருடத்துக்குள் கடைகளில் துணி தீர்ந்துபோனது. அரிசிச் சாக்கையும் கோணியையும் வெட்டி உடுத்திய கதையைத் தோட்டத்தில் வளர்ந்த எந்தக் கிழவியிடமும் கேட்கலாம். உடுப்பு ஒன்றே ஒன்று இருந்த வீடுகளில், ஒருத்தி வெளியே போனால் மற்றவள் உள்ளே இருக்க வேண்டும்.

அதே காலத்தில்தான் சயாமுக்கு ஆள் பிடித்தார்கள். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதை, 1943 அக்டோபரில் முடிந்தது. அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். போனவர்கள் எத்தனை பேர், திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றுவரை ஒரே கணக்கு இல்லை. பல்லாயிரம் என்று மட்டும்தான் எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். காஞ்சனபுரியில் உள்ள போர்க்கைதிகளின் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். வரிசை வரிசையாகக் கல், கல்லில் பெயர், வயது, படைப்பிரிவு. தமிழர்களுக்கு அப்படித் தனிக்கல் கிடையாது. 2023ல்தான் அந்த ஊரில் அவர்களுக்கென்று ஒரு நடுகல் நிறுத்தப்பட்டது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' ஆகிய நாவல்களைப் படித்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

என் பாட்டியின் அப்பா அப்படிப் போனவர்களில் ஒருவர். பாட்டிக்கு அப்போது ஆறு வயது. குளுவாங் பக்கம் ஒரு கித்தாத் தோட்டம். அவர் திரும்பவில்லை. போனதற்குத் தாளும் இல்லை, போட்டோவும் இல்லை.

கந்தை என்ற சொல்

தமிழ் லெக்சிகன் 'கந்தை' என்ற சொல்லை 'கந்தா' என்ற வடசொல்லோடு இணைக்கிறது. வங்காளத்தில் அதே சொல் 'காந்தா' ஆகி ஒரு கலையின் பெயராகிவிட்டது. பழைய சேலைகளை மூன்று நான்கு அடுக்காகப் பரப்பி, சேலைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால், ஊசியை மேலும் கீழுமாக ஓட்டும் எளிய தையல்தான் அது. 1939ல் ஸ்டெல்லா கிராம்ரிஷ் இதைப் பற்றி ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். குருசதய் தத் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்த காந்தாக்கள் கொல்கத்தா அருகே ஜோக்காவில் அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வட கர்நாடகத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திப் பெண்கள் 'கவந்தி' என்ற பெயரில் இதே வேலையை வேறு விதமாகச் செய்கிறார்கள். வெளி ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கீஸ் பெண்ட் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளை வெட்டித் தைத்த போர்வைகள் 2002க்குப் பிறகு பெரிய அருங்காட்சியகங்களில் ஓவியம்போலச் சுவரில் தொங்கின.

ஜொகூரிலும் இது எல்லார் வீட்டிலும் உண்டு. மலாய் வீட்டில் 'செலிமுட் பெர்ச்சா'. சீனர்களிடம், நூறு வீட்டில் துண்டு வாங்கிக் குழந்தைக்குத் தைக்கும் போர்வை. நம் ஆட்களிடம் மட்டும் அதற்குப் பெருமையான பெயர் எதுவும் இல்லை. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று பழமொழி சொன்னோம். கந்தையைக் கலை என்று சொல்ல யாரும் வரவில்லை. லயன் வீட்டில் அது வெறும் 'பழைய துணிப் போர்வை'. விடியற்காலை பிரட்டுக்குப் போகும்முன் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விடுவார்கள். அங்கே தூளியில் கிடக்கும் பிள்ளைக்கு மேலே போர்த்த ஒன்று வேண்டும். அவ்வளவுதான் அதன் பயன்.

என் பாட்டி பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒன்று தைத்தார். எனக்குக் கிடைத்ததில் அடியில் மாவு மூட்டைத் துணி. மேலே ஐந்தாறு சேலைகளின் துண்டுகள். பால் வாடை போகாத வேலைச் சட்டையிலிருந்து ஒரு கை. ஸ்கூடாயில் பொறியியல் படித்தபோது விடுதிக்கும் கொண்டுபோனேன். கூட்டுப்பொருள் பாடத்தில் அடுக்குகளின் திசையை மாற்றி வைத்தால் கிழிசல் பரவாது என்று பேராசிரியர் விளக்கினார். பாட்டி அதைத்தான் செய்திருந்தார். ஒரு அடுக்கு நெட்டுவாக்கில், அடுத்தது குறுக்குவாக்கில். கேட்டதற்கு, "அப்பதான் இழுத்தாலும் கிழியாது ஆயி" என்றார்.

துண்டாடல்

மலேசியத் தமிழில் 'துண்டாடல்' என்ற சொல்லுக்குத் தனி வரலாறு உண்டு. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாகக் கூறுபோட்டு விற்றார்கள். துண்டு நிலத்துக்கு இத்தனை தொழிலாளர் தேவையில்லை. லயத்தைக் காலிசெய்யச் சொன்னார்கள். உங்கு அசிஸ் தலைமையில் இதைப் பற்றி ஓர் ஆய்வே நடந்தது. தோட்டத்தைத் தொழிலாளர்களே வாங்கட்டும் என்று துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி என்று பங்குப் பணம் சேர்த்து, 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் பிரச்சினை வந்தது. சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலை இழந்தார்கள். பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். அதற்குப் பிறகு கித்தா போய் செம்பனை வந்தது. 2006ல் இஸ்கண்டார் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியபின் தென் ஜொகூரில் செம்பனை போய்த் தாமான்கள் வந்தன.

இந்த ஒவ்வொரு நகர்விலும் ஒரு குடும்பம் என்ன தூக்கிக்கொண்டு போனது? சாமிப் படம், பாத்திரம், துணி மூட்டை. ஒரு தோட்டப் பெண்ணின் வாழ்க்கையில் எழுத்தாகப் பதிந்தது மிகக் குறைவு. செக்ரோலில் ஒரு பெயர், அதுவும் கிராணி காதில் விழுந்தபடி. மிச்சமிருப்பது அவள் ஞாபகம். அது போய்விட்டால்?

கை மறக்காதது

பாட்டிக்கு மறதி நோய் என்று உறுதியாகி நான்கு வருடம் ஆகிறது. அவர் தனி ஆள் இல்லை. 2018ல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு டிமென்ஷியா இருக்கக்கூடும்.

மருத்துவர்கள் முதலில் வைக்கும் சோதனைகளில் ஒன்று 1975ல் அமெரிக்காவில் உருவானது. 30 மதிப்பெண். இன்று என்ன தேதி, எந்த மாநிலம், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது. மூலப் படிவத்தில் 'இது எந்தப் பருவகாலம்' என்றும் ஒரு கேள்வி உண்டு. வருடம் முழுக்க வெயிலும் மழையும் இருக்கும் ஊரில் அதற்கு என்ன பதில்? தோட்டப் பள்ளியில் இரண்டு வருடம் மட்டும் படித்த ஒரு பெண்ணுக்கு இதில் மதிப்பெண் குறைவது நோயாலா, பள்ளி கிடைக்காததாலா? படிப்பு குறைந்தவர்களுக்கு இந்தச் சோதனை பாதகமானது என்பதை மருத்துவ உலகமே ஒத்துக்கொள்கிறது. அதற்கேற்ப மாற்றங்களும் வந்திருக்கின்றன. ஆனால் அந்த மேசையின் முன்னால் பாட்டி கூனிக்குறுகி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். எழுபது வருடம் உழைத்தவரை மறுபடி முதலாம் வகுப்பில் தோற்க வைத்த மாதிரி இருந்தது.

அவருக்குத் தெரிந்ததைக் கேட்கும் சோதனை எதுவும் இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்தது எங்கே பத்திரமாக இருக்கிறது என்பதை அறிவியல் ஓரளவு சொல்லியிருக்கிறது. 1953ல் வலிப்புக்காக மூளை அறுவைசிகிச்சை செய்யப்பட்ட ஹென்றி மொலைசன் என்பவரால் அதற்குப்பின் புதிதாக எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியவில்லை. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரைக் கண்ணாடியில் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தை வரையச் சொன்னார். மூன்று நாளில் அவர் கை பழகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் 'இதை நான் செய்ததே இல்லை' என்றுதான் சொன்னார். செய்தியின் ஞாபகம் வேறு, செயலின் ஞாபகம் வேறு. அல்சைமர் நோய் முதலில் தாக்குவது செய்தியின் வீட்டை. கைப்பழக்கத்தின் வீடு கொஞ்சம் தள்ளி இருக்கிறது. அதனால் அது கூடுதல் காலம் தாங்கும்.

அதனால்தான் பல நாடுகளின் முதியோர் இல்லங்களில் பொத்தானும் ஜிப்பும் நாடாவும் தைத்த சிறு போர்வைகளை நோயாளிகளின் மடியில் வைக்கிறார்கள். அலைபாயும் விரல்களுக்கு ஒரு வேலை. அமெரிக்காவில் அமி சிம்ஸ் என்ற தையல் கலைஞர், தன் அம்மாவுக்கு இந்த நோய் வந்தபின், சக கலைஞர்களின் சிறு போர்வைகளைத் திரட்டிக் கண்காட்சி வைத்தார், விற்றார். 10 லட்சம் டாலருக்கு மேல் ஆராய்ச்சிக்குப் போனது.

எங்கள் வீட்டில் யாருக்கும் இதெல்லாம் தெரியாது. அத்தைதான் பாட்டியின் டிரங்குப் பெட்டியைத் திறந்து பழைய சேலைகளை வெளியே எடுத்தார். "எங்களுக்கெல்லாம் தச்சுக் குடுத்தாங்க, அவங்களுக்கு யாரு தைச்சது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

ஏழு மாதம் ஆனது. சேலையைக் கையில் கொடுத்தால் பாட்டி பேசுவார். தேதி சொல்ல மாட்டார். "இது மொத போனஸ்ல எடுத்தது", "இதக் கட்டிக்கிட்டுதான் லோரில ஏறுனோம்" என்பார். கட்டம்போட்ட ஒரு துணியைப் பார்த்து அரை நாள் அழுதார். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை, நாங்களும் தோண்டவில்லை. சில நாள் என்னை அவருடைய தங்கச்சி என்று நினைத்துக்கொண்டு, "அப்பா சயாம்லேர்ந்து வந்துட்டாராடி?" என்று கேட்பார். முதலில் "இல்ல பாட்டி" என்போம். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதுச்செய்தி, புது இழவு. அதனால் அத்தை ஒரு வழி கண்டுபிடித்தார். "வர்றப்ப குளிருமே, போர்வைய முடிச்சு வெப்போமா?" என்று ஊசியைக் கையில் கொடுத்துவிடுவார். விரல் உடனே ஓடத் தொடங்கும். நூல் கோத்துத் தந்தால் போதும். தையல் முன்புபோல நேராக இல்லை. ஆனால் அடுக்கை எப்போதும் குறுக்காகத்தான் வைத்தார்.

குடும்பத்தில் ஆளுக்கு ஒரு துண்டு, அதில் அவரவர் பெயர், தமிழில். நடுத்துண்டில் சயாமுக்குப் போனவரின் பெயர். அதை அடையாள அட்டையில் தேட முடியாது, கல்லில் தேட முடியாது. பாட்டி சொன்ன உச்சரிப்பிலேயே எழுதி, மேலே நூலோட்டினோம். எனக்குத் தெரிந்து அந்த மனிதரின் பெயர் முதல்முறையாக எழுதப்பட்ட இடம் அதுதான்.

ஒரு கணக்கு

சாங்கிப் போர்வைகளோடு இதை ஒப்பிடுவதற்குச் சிலர் சிரிக்கலாம். அங்கே போர், இங்கே ஒரு வீட்டுக் கூடம். ஆனால் வேலை ஒன்றுதான்: தொலைந்துபோகப் போகிற ஒருவரின் பெயரைத் துணியில் நிறுத்தி வைப்பது. வேறுபாடு என்னவென்றால், அவர்கள் பெயரைத் தாங்களே தைத்தார்கள், அதைப் பாதுகாக்க அருங்காட்சியகங்கள் வந்தன. நம் பாட்டிகள் பெயரில்லாமல் தைத்தார்கள். அந்தப் போர்வைகள் நைந்ததும் தரை துடைக்கப் போயின.

ஜப்பான்காரன் காலத்தை நேரில் பார்த்த தோட்டப் பெண்களில் மிகச் சின்னவருக்கே இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. ஒலிப்பதிவுக் கருவியோடு போய் 'எந்த வருஷம், எந்த டிவிஷன்' என்று கேட்டால் பலரிடம் பதில் வராது. நோய் இல்லாதவர்களிடமும் வராது. வருடக் கணக்கு அவர்களுடையது இல்லை, அது கிராணியுடையது. பெட்டியைத் திறந்து ஒரு சேலையை மடியில் போடுங்கள். பிறகு பேசாமல் இருங்கள். சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். துண்டின் ஓரத்தில் பெயரையும் ஊரையும் தைத்து வையுங்கள். ஊசிக்கும் நூலுக்கும் இரண்டு வெள்ளிகூட ஆகாது.