நீர்க்குறியும் தூக்குக்கயிறும்

பிரதியை வாசிப்பது பற்றி நிறையப் பேசிவிட்டோம். பிரதி அச்சான தாளை யார் வாசித்தோம்? இங்கிலாந்தின் பழைய கைத்தாளை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ஓர் உருவமோ பெயரோ தெரியும். நீர்க்குறி என்று பெயர். ஆனால் அதை உண்டாக்குவது நீரல்ல, கம்பி. கந்தல் துணிக் கூழை அள்ளும் கம்பிச் சல்லடைமேல் வளைத்த கம்பியொன்றைத் தைத்துவிடுவார்கள். அந்த இடத்தில் கூழ் மெலிசாகப் படியும், ஒளி ஊடுருவும். அவ்வளவுதான்.

இந்த 'அவ்வளவுதா'னுக்குள் எவ்வளவு அதிகாரம் என்பதே என் கேள்வி. 1490களில் ஹெர்ட்ஃபோர்டு அருகே இயங்கிய ஜான் டேட்டின் ஆலை, இங்கிலாந்தின் முதல் காகித ஆலை, எண்முனை நட்சத்திரத்தைப் பதித்தது. அது உடைமையாளரின் முத்திரை. பிறகு அரசு நுழைகிறது. இங்கிலாந்து வங்கி நோட்டின் நீர்க்குறியைப் போலச் செய்தால் மரணதண்டனை என்றது 1773ஆம் ஆண்டுச் சட்டம். 1797இல் நோட்டுக்குத் தங்கம் தருவதை நிறுத்திய வங்கி, ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு நோட்டுகளை வெளியிட்டது. சாமானியர் கைக்கு வந்த நோட்டு, கழுத்துக்குக் கயிறாகவும் வந்தது. 1821க்குள் கள்ளநோட்டுக் குற்றங்களுக்காக முந்நூறு பேருக்கு மேல் தூக்கிலிடப்பட்டார்கள். தூக்கில் தொங்கும் உடல்களை வரைந்து 1819இல் ஒரு கேலி நோட்டையே வெளியிட்டார் ஜார்ஜ் குரூக்ஷாங்க்.

சரி, தாளைச் செய்தவர்கள் எங்கே? 1794இல் ஜேம்ஸ் வாட்மன் ஆலைகளை விற்றுவிட்டுப் போன பிறகும் அவர் பெயர் தாளில் தொடர்ந்தது. தொட்டியில் கைவிட்டவன் பெயர் எதிலும் இல்லை. காகிதத் தொழிலாளர்கள் கூலிக்காக ஒன்றுசேர்வதைத் தடுக்கவென்றே 1796இல் தனிச் சட்டம் வந்தது.

ஆனால் கை தடயம் விடாமல் போவதில்லை. ஒரு தொட்டிக்கு இரண்டு சல்லடை. ஒருவன் ஒன்றில் கூழை அள்ளும்போது, இன்னொருவன் மற்றதிலிருந்து தாளைக் கம்பளித் துணிமேல் கவிழ்ப்பான். அதனால் நீர்க்குறிகளும் இரட்டையர், ஒன்றுபோலிருக்கும், ஒன்றல்ல. 1950களின் தொடக்கத்தில் அல்லன் ஸ்டீவன்சன் இதை நிறுவினார். நெளிந்த கம்பி, நகர்ந்த குறி, தையல் புள்ளிகள் ஆகியவற்றைக் கொண்டு தேதியில்லாத நூலுக்கும் காலம் கணிக்க முடிந்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஏற்றுமதித் தாளுக்குத் தீர்வையைத் திரும்பப் பெற உள்ளே ஆண்டு இருக்க வேண்டும் என்றது 1794ஆம் ஆண்டுச் சட்டம். சில ஆலைகள் '1794' என்பதையே மாற்றாமல் பல ஆண்டுகள் ஓட்டின. அரசு கேட்ட தேதி பொய் சொல்லும். தேய்ந்த கம்பி சொல்லாது. ஆவணத்தை வெளிச்சத்தில் பிடிக்கிறவர்கள் பெயரைப் படித்ததோடு நிறுத்த வேண்டாம், தையலையும் பாருங்கள்.