ஒரு ஏணி போதும்



எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரே கேள்வியில் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். "இடிஞ்சுபோன பழைய கட்டடம் சோறு போடுமா?" என்றார். ஐயா, நான் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளு. சோற்றைப் பற்றி எங்ககிட்டயே கேட்கலாமா? (சிரிப்பு)

கட்டடம் சோறு போட்டதோ இல்லையோ, எங்கள் நெல்லு கட்டடத்துக்குச் சோறு போட்டிருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீவிஜய நாட்டு அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினார். ராஜராஜ சோழன் பழுத்த சைவர். 'யாரோ கட்டினது, எனக்கென்ன?' என்று இருந்தாரா? 1006-ஆம் ஆண்டு வாக்கில் ஆனைமங்கலம் என்ற ஊரின் வருமானத்தையே அந்தப் பள்ளிக்கு எழுதி வைத்தார். எவ்வளவு தெரியுமா? வருஷத்துக்கு 8,943 கலம் நெல்! (கைதட்டல்) அப்பா சொன்ன சொல்லை மகன் ராஜேந்திரன் செப்பேட்டில் வெட்டி வைத்தார். அதுதான் லெய்டன் செப்பேடு.

ஏன் செய்தார்? கட்டுவது ஒரு தடவைச் செலவு. காப்பாற்றுவது வருஷா வருஷம் செலவு. அதைத் தெரிந்த மனுஷன் அவர்.

அதே நாகப்பட்டினத்தில் பௌத்தர் காலத்து மூன்று நிலைச் செங்கல் கோபுரம் ஒன்று பின்னாளிலும் நின்றது. கடலில் வரும் கப்பலுக்கு அதுதான் அடையாளம். 1846-இல் சர் வால்டர் எலியட் நேரில் பார்த்திருக்கிறார். அப்புறம்? சீந்துவார் இல்லை. 1867-இல் வெள்ளைக்கார அரசாங்கம் அனுமதி கொடுக்க, இடித்துத் தள்ளிவிட்டார்கள். புயலும் மழையும் விட்டு வைத்ததை ஒரு காகிதம் விட்டு வைக்கவில்லை, நடுவர் அவர்களே!

அதே கடற்கரையில் வடக்கே போங்கள், தரங்கம்பாடி. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி 1620-இல் டேனிஷ்காரர்கள் தொடங்கிய கோட்டை. 1845-இல் வெள்ளைக்காரன் விலைக்கு வாங்கினான். விடுதலைக்குப் பிறகு 1978 வரை அரசாங்கப் பயணியர் விடுதி. அப்புறம் தொல்லியல் துறை எடுத்துக்கொண்டு அருங்காட்சியகம் ஆக்கியது. 2001-ஐ ஒட்டி டென்மார்க்கின் தரங்கம்பாடிச் சங்கமும் சேர்ந்து பழுது பார்த்தது. உப்புக்காற்றில் இன்றைக்கும் நிற்கிறது. ஏன்? ஆள் புழங்கினார்கள். ஆள் புழங்குகிற வீடு சீக்கிரம் விழாது என்று நம் பாட்டிமார் சொல்வார்களே, அதேதான்.

கடைசியாக எங்கள் ஊர்க் கதை. ராஜா காலத்துச் சத்திரம் ஒன்று உண்டு. கார்த்திகை மழை விட்டதும் எங்கள் தாத்தா ஏணி போட்டு ஏறுவார். தூம்பில் அடைத்த சருகை அள்ளுவார். சுவரில் முளைத்த அரசங்கன்றை வேரோடு எடுத்துக் குளக்கரையில் நடுவார். வெடிப்பில் சுண்ணாம்புதான் பூசுவார், சிமெண்டைத் தொடமாட்டார். "சுண்ணாம்புச் சுவரு மூச்சு விடும்டா, சிமெண்டு பூசினா ஈரம் உள்ளயே தங்கிடும்" என்பார்.

தாத்தா போனார். ஏணி ஏற ஆளில்லை. 'அரசமரத்தில் கை வச்சா பாவம்' என்று சொல்லித் தப்பித்துக்கொண்டோம். நானும்தான். அன்றைக்கு விரல் மொத்தம் இருந்த வேர் இன்றைக்குத் தொடை மொத்தம். பாதிச் சத்திரம் சரிந்துவிட்டது. விரலால் கிள்ள வேண்டியதற்கு இப்போது லட்சக்கணக்கில் செலவு கேட்கிறார்கள்.

மீதிப் பாதி இன்னும் நிற்கிறது, நடுவர் அவர்களே. 8,943 கலம் நெல்லுக்கு நான் எங்கே போவேன்? அடுத்த கார்த்திகைக்கு ஏணியை நான் எடுக்கிறேன். உங்கள் ஊரிலும் ஒரு சுவர் இருக்கும், ஒரு கன்று முளைத்திருக்கும். போய்ப் பாருங்கள். (பலத்த கைதட்டல்)