பழைய மடிக்கணினியில் வைஃபை கார்டு மாற்றுதல்

மடிக்கணினியோடு வந்த வைஃபை கார்டைக் கழற்றிவிட்டு, அதைவிட வேகமான ஒன்றைப் பொருத்துவது பழைய கணினிக்குச் செய்யக்கூடிய மேம்பாடுகளில் செலவு குறைந்தது. ராம் கூட்டுவதையும் எஸ்எஸ்டி போடுவதையும் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் 2010-ஐ ஒட்டி வந்த பல மடிக்கணினிகளில் செயலி இன்றைய அன்றாட வேலைக்கு ஓரளவு ஈடுகொடுக்கிறது. பின்தங்கி நிற்பது இந்தச் சிறு கார்டுதான். பெட்டியின் மேல் அச்சிட்ட வேகத்தைப் பார்த்து மட்டும் புதிய கார்டைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல. நெரிசல் மிகுந்த 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுவதும், ஒரு ஆன்டெனாவுக்குப் பதில் இரண்டைப் பயன்படுத்துவதும்தான் பயனில் பெரும்பகுதியைத் தருகின்றன.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும். அக்காலத்து மலிவு மடிக்கணினிகளில் பெரும்பாலும் ஒற்றை ஆன்டெனாவில் இயங்கும், 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரிந்த 802.11என் கார்டு இருக்கும். ‘150 எம்பிபிஎஸ்’ என்ற அதன் வேகம் 40 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள சேனல் கிடைத்தால்தான் வரும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே; அடுக்குமாடிக் குடியிருப்பில் பத்து வீட்டு ரூட்டர்கள் அவற்றுக்குள் அடித்துக்கொள்ளும்போது, இணைப்பு 20 மெகாஹெர்ட்ஸுக்கு, அதாவது 72 எம்பிபிஎஸுக்கு இறங்கிவிடும். அதிலும் கட்டுப்பாட்டுத் தகவலுக்கும் காத்திருப்புக்கும் போக, கையில் கிடைப்பது ஏறத்தாழ 40. ஒரு ஜிபி கோப்பை இறக்க 200 விநாடி ஆகும். இன்டெல் 2013-இல் வெளியிட்ட 7260 என்னும் இரட்டை ஆன்டெனா 802.11ஏசி கார்டு 5 கிகாஹெர்ட்ஸில் 867 எம்பிபிஎஸ் வரை இணையும். ரூட்டருக்கு அருகில் உண்மையில் 400 கிடைத்தாலும் அதே கோப்பு 20 விநாடியில் வந்துவிடும். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் இதில் நன்மை உண்டு. ஒரு சேனலில் ஒரு கருவி பேசும்போது மற்றவை காத்திருக்க வேண்டும். மெதுவான கருவி அதே கோப்புக்குப் பத்து மடங்கு நேரம் காற்றைப் பிடித்து வைத்திருக்கிறது.

‘வீட்டு பிராட்பேண்டே 100 எம்பிபிஎஸ்தானே, இது எதற்கு?’ என்று கேட்கலாம். 40 மட்டுமே இழுக்கும் கார்டால், கட்டணம் கட்டிய வேகத்தில் பாதிகூட வந்து சேர்வதில்லை என்பதே அதற்குப் பதில். 5 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும்போது வலுவிழக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் புதிய கார்டுக்கு 2.4-உம் தெரியும், தொலைவில் அதற்குத் திரும்பிக்கொள்ளும். யுஎஸ்பி வைஃபை செருகியே போதும் என்ற வாதம் இவற்றைவிட வலுவானது, ஏனெனில் ஸ்க்ரூடிரைவரே வேண்டாம். ஆயினும் யுஎஸ்பி 2.0 துளையின் உச்சவரம்பு 480 எம்பிபிஎஸ், நடைமுறையில் 300-ஐ ஒட்டியே நிற்கும். கட்டைவிரல் அளவுள்ள செருகியின் ஆன்டெனா, திரையின் மேல் விளிம்பில் பதித்த ஆன்டெனாவுக்கு ஈடாவதும் அரிது. கார்டை மாற்ற வழியே இல்லாதபோதுதான் செருகியை நாட வேண்டும்.

வழியில்லாத நிலை சில கணினிகளில் உண்மையாகவே உண்டு. லெனோவாவின் திங்க்பேட் எக்ஸ்220, எக்ஸ்230 போன்றவற்றின் பயாஸில் அனுமதிக்கப்பட்ட கார்டுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. பட்டியலில் இல்லாததைப் பொருத்தினால், இயங்குதளம் தொடங்கும் முன்பே 1802 என்ற பிழை எண்ணோடு திரை நின்றுவிடும். ரேடியோவையும் ஆன்டெனாவையும் சேர்த்தே அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் சான்றளிக்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். அதே நிறுவனம் பிந்தைய மாதிரிகளில் இந்தத் தடையைக் கைவிட்டதைப் பார்த்தால், அந்தக் காரணம் தவிர்க்க முடியாததாகத் தெரியவில்லை. மாற்றியமைத்த பயாஸை ஏற்றித் தடையை நீக்குவோர் உண்டு; இடையில் தவறினால் மதர்போர்டே போய்விடும் என்பதால், முதன்முறை கணினியைத் திறப்பவர் அதில் இறங்கக் கூடாது.

தடையில்லாத கணினியில் கழற்றும் வேலை சில நிமிடங்களே. மின்சாரத்தைத் துண்டித்து, பேட்டரியை எடுத்து, அடிமூடியைத் திறந்தால், கறுப்பும் சாம்பலுமாக இரண்டு மெல்லிய கம்பிகள் வந்து சேரும் சிறு பலகை தெரியும். சில மலிவு மாதிரிகளில் ஒரே கம்பிதான் இருக்கும். அங்கே இரட்டை ஆன்டெனா கார்டின் பாதிப் பயன் வீண். கம்பியின் பித்தளைத் தலையை நேர்மேலே தூக்கி எடுக்க வேண்டும். பொருத்தும்போது நகத்தால் அழுத்தினால் ‘டிக்’ என்று உட்காரும், சாய்த்து அழுத்தினால் நசுங்கிவிடும். 2013-க்கு முந்தைய கணினிகளில் ஸ்லாட் மினி பிசிஐஇ வகை, பின்னர் வந்தவற்றில் 22 மிமீக்கு 30 மிமீ அளவுள்ள எம்.2. எம்.2 கார்டின் ஆன்டெனா முனை இன்னும் சிறியது என்பதால் பழைய கம்பியின் தலை அதில் ஏறாது. மினி பிசிஐஇ கணினிக்கு அந்த வடிவிலேயே கிடைக்கும் கார்டை வாங்குவது நல்லது.

விண்டோஸ் 7-இல் தொடர்பவர்களுக்கு 7260 போதும். வைஃபை 6 கார்டான ஏஎக்ஸ்200-க்கு 64-பிட் விண்டோஸ் 10 அல்லது 5.1 அல்லது அதற்குப் பிந்தைய லினக்ஸ் கெர்னல் வேண்டும். இதே வரிசையில் ஏஎக்ஸ்201 என்றொரு கார்டும் விற்பனைக்கு வருகிறது. பார்ப்பதற்கு 200-ஐப் போலவே இருக்கும், விலையும் குறைவாக இருக்கலாம். ஆனால் அதன் வேலையில் ஒரு பகுதியைப் புதிய இன்டெல் சிப்செட்தான் செய்கிறது. பழைய கணினியின் எம்.2 ஸ்லாட்டில் அது கச்சிதமாக உட்காரும்; கணினியோ அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. கடையில் கார்டைக் கையில் வாங்கியதும் அந்தக் கடைசி இலக்கத்தைப் படித்துப் பார்க்க வேண்டும்.