மகோதையும் கடைசிப் பெருமாளும்: ஒரு கல்வெட்டின் சொற்கள்

சேரப் பெருமாள்கள் ஒன்பதாம் நூற்றாண்டு முதல் பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கொடுங்கல்லூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டனர். அந்நகர் வடமொழி நூல்களில் மகோதயபுரம் என்றும், சுந்தரர் தேவாரத்தில் மகோதை என்றும், பாஸ்கர ரவி யூத வணிகருக்கு வழங்கிய செப்பேட்டில் முயிரிக்கோடு என்றும் வழங்கப்பெறுகிறது. ஒரே நகருக்கு மூன்று பெயர்கள் வழங்கியமை அதன் பன்மொழிச் சூழலைக் காட்டும்.

இம்மரபின் கடைசி அரசன் இராம குலசேகரன். முதலாம் குலோத்துங்கன் (1070-1122) காலத்தில் சோழப்படை கொல்லத்தைத் தாக்கியது. இராம குலசேகரனுக்குப் பின் பெருமாள் ஆட்சி மறைந்து, வேணாடு, ஏறநாடு முதலியன தனித்தனியே நின்றன. கடைசிப் பெருமாள் நாட்டைப் பங்கிட்டளித்து மக்காவுக்குச் சென்றான் என்பது பிற்காலக் கேரளோற்பத்தியின் கதை. ஆனால் அவன் காலத்துக் கல்வெட்டு கூறுவது வேறு.

கொல்லம் இராமேசுவரம் கோயிலில் உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டின் ஆண்டு கொல்லம் 278, அதாவது கி.பி. 1102. அரசன் கொல்லத்துப் பனைங்காவில் கோயிலகத்து இருந்தபோது, ஆரியரோடு நேர்ந்த விரோதத்துக்குப் பிராயச்சித்தமாக அந்தணர் உணவுக்கு நெல் அளித்ததை அது பதிவு செய்கிறது.

மொழிபெயர்ப்பாளர் இங்கு மூன்று சொற்களில் இடறக்கூடும். முதலாவது கோயிலகம். கோ, இல் என்ற பிரிப்பில் கோயில் அரசன் இல்லத்தையே குறித்தது; சிலப்பதிகாரத்திலும் இப்பொருள் உண்டு. தமிழில் அது இறைவன் இல்லமாகச் சுருங்க, மலையாளத்தில் கோவிலகம் அரண்மனையாகவே நிலைத்தது. தமிழும் மலையாளமும் புழங்கும் நல்லேப்பிள்ளி அடங்கிய சித்தூர் வட்டத்தில், கொல்லங்கோட்டுக் கோவிலகத்தின் பெயர் இவ்வழக்குக்குச் சான்றாகும். இதனை வழிபாட்டிடம் எனப் பெயர்த்தால், அரசன் தலைநகருக்கு வெளியே ஓர் அரண்மனையில் தங்கியிருந்தான் என்ற செய்தியே மறைந்துவிடும். இரண்டாவது ஆரியர். இங்கு இது அந்தணரைக் குறிக்கிறது. இனப்பெயராகக் கொள்ளுதல் பொருந்தாது. மூன்றாவது விரோதம். கல்வெட்டு இதன் காரணத்தை விளக்கவில்லை. எனவே போர் என்றோ கலகம் என்றோ பெயர்த்தல் மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பதாகும்.

முடியைத் துறந்து சென்றவனைக் கல்வெட்டிற் காண இயலாது. ஆதரவை மீட்க நெல் அளந்து பிழை தீர்த்த அரசனே அதில் தெரிகிறான். அம்முயற்சி அவன் மரபைக் காக்கவில்லை. எனினும் தோற்ற அரசனின் வரலாறு, அவன் காலச் சொற்களை அவற்றின் காலப்பொருளில் பெயர்க்கும்போதே கதையினின்று பிரிந்து நிற்கும்.