விடியல் என்று பெயர் வைத்தார்கள்

கல்லூரி மாணவர்கள் நடத்தும் பத்திரிகைகளுக்கு ஆயுள் ஸ்தானம் பலமாக இருப்பதில்லை. மூன்றாவது இதழுக்குள் கைப்பணம் தீர்ந்துபோகும். இல்லாவிட்டால் பரீட்சை வந்துவிடும். இரண்டும் நேராமல் தப்பினால் ஆசிரியர் குழுவுக்குள் சண்டை மூளும். அச்சுக்கூடத்து பாக்கி ஒன்றுதான் கடைசிவரை நிலைத்து நிற்கும். அப்படிப்பட்ட ஒரு சிறு பத்திரிகையின் மீது ஒரு சாம்ராஜ்யத்தின் சர்க்கார் வழக்குத் தொடுத்து, மூன்றே நாளில் தோற்றுத் திரும்பியது என்றால் கட்டுக்கதை மாதிரி இருக்கிறதல்லவா? கட்டுக்கதை இல்லை. 1954-ஆம் வருஷம் சிங்கப்பூரில் நடந்த சரித்திரம்.

பத்திரிகையின் பெயர் 'ஃபஜர்'. கடைத்தெருவைக் குறிக்கும் பஜார் என்று எண்ணிவிட வேண்டாம். அரபியிலிருந்து மலாய் மொழிக்கு வந்த சொல் இது; விடியற்காலை என்று பொருள். நம் ஊர் முஸ்லிம் அன்பர்கள் அதிகாலைத் தொழுகைக்குச் சொல்லும் 'ஃபஜ்ர்' என்பதும் இதே சொல்தான். பத்திரிகை வெளிவந்தது இங்கிலீஷில். பெயர் மட்டும் மலாயில். நடத்தியவர்களோ சீனர், தமிழர், மலையாளி என்று பல வீட்டுப் பிள்ளைகள். மலாயா என்று ஒரு தேசம் உருவாக வேண்டும், அதில் அவரவர் பிறந்த இனம் பின்னுக்குப் போக வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அந்த ஆசையைப் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள்.

அந்தச் சர்வகலாசாலைக்கே அப்போது வயது ஐந்துதான். பழைய மருத்துவக் கல்லூரியையும் ராஃபிள்ஸ் கல்லூரியையும் ஒன்றாக இணைத்து, 1949-ல் மலாயா சர்வகலாசாலை என்று சிங்கப்பூரில் நிறுவினார்கள். அதற்கு முந்தைய வருஷம் ஜூன் மாதத்திலிருந்தே மலாயாவில் அவசர நிலை. காட்டுக்குள் கம்யூனிஸ்டு கெரில்லாக்களுடன் பிரிட்டிஷ் துருப்புகள் போரிட்டுக் கொண்டிருந்தன. நாட்டுக்குள் சந்தேகம் வந்தால் போதும், யாரையும் விசாரணை இல்லாமல் பிடித்து வைக்கலாம் என்று இருந்தது. 1951-ல் சர்வகலாசாலைக்குள்ளும் போலீஸ் புகுந்து சிலரைப் பிடித்துக்கொண்டு போயிற்று. இந்தச் சூழ்நிலையில்தான் 1953 பிப்ரவரியில் சர்வகலாசாலை சோஷலிஸ்டுக் கழகம் பிறந்தது. பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற சரித்திரப் பேராசிரியராகிய வாங் கங்வூ அதன் முதல் தலைவர். கழகத்தின் பத்திரிகையே ஃபஜர்.

1954 மே மாதத்தில் ஆசியா முழுவதும் ஒரு பரபரப்பு. வியட்நாமில் தியென் பியென் பூ கோட்டை மே 7-ஆம் தேதி விழுந்தது, பிரெஞ்சுக்காரர்கள் தோற்றார்கள். தென்கிழக்கு ஆசியாவுக்கென்று ஒரு ராணுவ ஒப்பந்தம் செய்துகொள்ள மேல்நாட்டு வல்லரசுகள் பேசிக்கொண்டிருந்தன. மே 10-ஆம் தேதி இட்டு வெளிவந்த ஃபஜர் இதழில், 'ஆசியாவில் ஆக்கிரமிப்பு' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை இருந்தது. சுதந்திரம் பெறாத நாட்டை அந்நியரின் ராணுவக் கூட்டுக்குள் இழுப்பதை அது சாடியது. மூன்று நாள் கழித்து, மே 13-ஆம் தேதி, இளைஞர்களைக் கட்டாயப் படைப் பயிற்சிக்குப் பதிவு செய்யும் சட்டத்தை எதிர்த்துச் சீன உயர்பள்ளி மாணவர்கள் திரண்டார்கள். போலீஸ் தடியடி நடந்தது. ஒரே வாரத்தில் இங்கிலீஷ் படித்தவனும் எதிர்க்கிறான், சீனம் படித்தவனும் எதிர்க்கிறான் என்றால் சர்க்காருக்குத் தூக்கம் வருமா?

மே மாத இறுதியில் ஃபஜர் ஆசிரியர் குழுவினர் எட்டுப் பேர் கைதானார்கள். ஜேம்ஸ் புதுச்சேரி, எம். கே. ராஜகுமார், போ சூ காய், பி. அருட்சோதி, எட்வின் தம்பூ, தாமஸ் வர்க்கி, குவா பூ சுன், லாம் குவான் கிட் என்பவை அவர்கள் பெயர்கள். இவர்களில் மூத்தவர் புதுச்சேரி. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து போர்முனை வரை போய்வந்தவர். 1951 கைதிலும் அகப்பட்டு, விசாரணையின்றிச் சிறையிருந்து மீண்டவர். மற்றவர்கள் பரீட்சையைப் பற்றிக் கவலைப்படும் வயதினர். தம்பூ, தமிழ்த் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்த கவிதைப் பித்தர்.

குற்றச்சாட்டு ராஜத் துவேஷம். வ. உ. சி.யின் சரித்திரம் படித்த தமிழருக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. சர்க்காரின் மேல் வெறுப்போ, அவமதிப்போ, விசுவாசக் குறைவோ உண்டாக்கும் போக்குள்ள எழுத்து என்று சட்டம் அதற்கு இலக்கணம் சொல்லும். இந்த இலக்கணத்தை இழுத்தால் எதுவரைக்கும் நீளும் என்று பாருங்கள். ஓர் ஆட்சியைக் கண்டித்து எழுதினால் படிப்பவனுக்கு அதன்மேல் விசுவாசமா வளரும்? ஆனால் அதே சட்டம், சர்க்காரின் தவறுகளைச் சுட்டிக்காட்டுவது குற்றமாகாது என்றும் ஒரு சன்னல் திறந்து வைத்திருந்தது. சன்னல் வழியாக வெளியே வர ஒரு கெட்டிக்கார வக்கீல் வேண்டும்.

வந்தார். லண்டனிலிருந்து டி. என். பிரிட் வந்தார். கென்யாவில் ஜோமோ கென்யாட்டாவுக்காக வாதாடிய பெரிய பாரிஸ்டர் அவர். அவருக்குத் துணை வக்கீலாக நின்றவர் முப்பது வயதுகூட நிறைந்து ஒரு வருஷமாகாத ஓர் உள்ளூர்க்காரர். கேம்பிரிட்ஜில் சட்டம் படித்துத் திரும்பியவர். பெயர் லீ குவான் யூ. ஆகஸ்டு 23-ஆம் தேதி வழக்குத் தொடங்கிற்று. கடுமையான விமர்சனம் வேறு, ராஜத் துவேஷம் வேறு என்பதுதான் தற்காப்பின் உயிர்நாடி. 25-ஆம் தேதி நீதிபதி எஃப். ஏ. சுவா எட்டுப் பேரையும் விடுதலை செய்தார்.

சீன மாணவர்களின் வழக்கிலும் பிரிட் வாதாடினார். அங்கே வெற்றி கிட்டவில்லை. கற்ற மொழிக்கு ஏற்ப அதிர்ஷ்டமும் மாறியது போலும்.

சாதாரணமாக இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இந்த இடத்தில் கைதட்டி நிறுத்திவிடுவார்கள். எனக்கு இதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிதாகப் படுகிறது. நாவல் எழுதுகிறவன் இப்படி ஒரு திருப்பம் வைத்தால், 'ரொம்பச் சௌகரியமாக அமைத்துக்கொண்டான்' என்று வாசகர்கள் சிரிப்பார்கள். சரித்திரத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

அந்த நவம்பரில் மக்கள் செயல் கட்சி பிறந்தது. துணை வக்கீல் அதன் செயலாளர். புதுச்சேரியும் ஆரம்பத்திலேயே கூட இருந்தார். 1956-ல் புதுச்சேரியை மறுபடி விசாரணையின்றிச் சிறையில் வைத்தார்கள். அங்கிருந்தபடியே மலாயாவின் பொருளாதாரம் யார் கையில் இருக்கிறது என்று ஆராய்ந்து எழுதினார். 1960-ல் அது நூலாக வந்தது. 1959-ல் கட்சி தேர்தலில் வென்றபோது, சிறையிலிருக்கும் தோழர்களை விட்டால்தான் பதவி ஏற்பேன் என்று லீ சொன்னார், விட்டார்கள், அவரும் பிரதமரானார். இரண்டே வருஷத்தில் கட்சி பிளந்தது. ஃபஜர் எண்மரில் ஒருவரான போ சூ காய் இதற்குள் டாக்டராகியிருந்தார். பிரிந்து போன பாரிசான் சோஷியலிஸ் கட்சியில் துணைப் பொதுச்செயலாளரானார்.

1963 பிப்ரவரி 2-ஆம் தேதி சிங்கப்பூரில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள். பிரிட்டன், மலாயா, சிங்கப்பூர் மூன்று சர்க்கார்களும் உட்கார்ந்த உள்நாட்டுப் பாதுகாப்புக் குழுவின் தீர்மானம் அது. போ சூ காயும் புதுச்சேரியும் அதில் அகப்பட்டார்கள். புதுச்சேரி சில மாதத்தில் வெளிவந்தார். சிங்கப்பூருக்குள் கால்வைக்கக் கூடாது என்ற தடையோடு வந்தார். போ சூ காய் 1973 வரை உள்ளே இருந்தார். 1976-ல் திரும்பவும் பிடித்து 1982-ல் விட்டார்கள். கூட்டிப் பார்த்தால் 17 வருஷம். ஃபஜர் பத்திரிகையும் 1963-ல் தடை செய்யப்பட்டது; 1971-ல் கழகத்தின் பதிவும் போயிற்று.

அவர்கள் கம்யூனிஸ்டுச் சதியில் சேர்ந்தவர்கள் என்பது ஆட்சியாளரின் வாதம். இல்லவே இல்லை என்பது அவர்கள் வாதம். சரித்திர ஆசிரியர்கள் இன்னும் இதைத் தர்க்கித்துக் கொண்டிருக்கிறார்கள். தீர்ப்புச் சொல்ல நான் யார்? நான் கவனிக்கச் சொல்வது வேறு. 1954-ல் போ சூ காயின் குற்றம் இன்னது என்று தாளில் எழுதிக் கையில் கொடுத்தார்கள். எந்தத் தேதி, எந்த இதழ், எந்தக் கட்டுரை என்று அதில் இருந்தது. எதிரே நீதிபதி இருந்தார். பக்கத்தில் வக்கீல் இருந்தார். மூன்று நாள் ஆயிற்று, வீட்டுக்குப் போனார். 1963-ல் அந்தத் தாள் இல்லை. தாள் இல்லாததால் நீதிபதியும் தேவைப்படவில்லை, வக்கீலும் தேவைப்படவில்லை. ஆகவே 17 வருஷம் ஆயிற்று. இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள இடதுசாரியாகவோ வலதுசாரியாகவோ இருக்க வேண்டியதில்லை.

வெள்ளைக்காரன் நல்லவன், அவன் கோர்ட்டு நல்லது என்று இதற்கு அர்த்தம் பண்ணக் கூடாது. விசாரணையில்லாச் சிறையை அந்த மண்ணில் ஊன்றியவனே அவன்தான். புதுச்சேரி அதற்குச் சாட்சி. அவன் கையில் இரண்டு ஆயுதங்கள் இருந்தன. மாணவர்கள் விஷயத்தில் சட்டம் என்ற ஆயுதத்தை எடுத்தான், தோற்றான். அடுத்து வந்தவர்கள் அந்தத் தோல்வியை மிக அருகிலிருந்து பார்த்தவர்கள். எந்த ஆயுதம் தோற்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எண்மரில் தம்பூ சிங்கப்பூரின் பெருங்கவிஞராகவும் பேராசிரியராகவும் ஆனார். ராஜகுமார் மலேசியாவில் மதிப்புமிக்க மருத்துவரானார். அவரையும் அரசியலும் காவலும் விடவில்லை. 2009-ல் போ சூ காயும் நண்பர்களும் சேர்ந்து 'ஃபஜர் தலைமுறை' என்று இங்கிலீஷில் ஒரு நூல் கொண்டுவந்தார்கள். ஐம்பத்தைந்து வருஷம் கழித்தும், தங்களுக்கு அடையாளமாக அந்த மெல்லிய பத்திரிகையின் பெயரையே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த எட்டுப் பேர் மேல் பாய்ந்த ராஜத் துவேஷச் சட்டம் 2022-ல் சிங்கப்பூரில் ரத்தாகிவிட்டது. விசாரணையின்றிக் காவலில் வைக்கும் சட்டத்தை மலேசியா 2012-ல் கைவிட்டது. சிங்கப்பூரில் அது இன்னும் இருக்கிறது.