சந்தேகத்துக்கு உள்ளான அதிகாரம்: பெண் குரு துப்பறியும் நாவல்கள் பற்றி ஓர் ஆய்வு

துப்பறியும் கதைக்கும் சமய குருமாருக்கும் உள்ள உறவு ஒரு நூற்றாண்டைக் கடந்தது. ஜி. கே. செஸ்டர்டன் 1910ஆம் ஆண்டில் பாதர் பிரவுன் என்னும் கத்தோலிக்கக் குருவைக் கதையுலகில் உலவவிட்டு, மறு ஆண்டே அக்கதைகளை நூலாகத் தொகுத்த பிறகு, ஹாரி கெமல்மன் 1964இல் படைத்த யூத குரு டேவிட் ஸ்மால், எல்லிஸ் பீட்டர்ஸ் 1977இல் படைத்த இடைக்காலத் துறவி கேட்ஃபெல் எனப் பலர் இவ்விலக்கிய வகையில் நிலையான இடம் பெற்றனர். குருப்பட்டம் பெற்ற பெண்ணோ வெகுகாலம் கழித்தே இங்கு வந்து சேர்ந்தாள். இசபெல் ஹாலண்ட் 1984இல் வெளியிட்ட 'எ டெத் அட் செயின்ட் ஆன்செல்ம்ஸ்' என்ற நாவலில், நியூயார்க் நகரத்து ஆலயம் ஒன்றில் பணிபுரியும் கிளேர் ஆல்டிங்டன் தோன்றினாள். அவளைத் தொடர்ந்து டி. எம். கிரீன்வுட், ஃபில் ரிக்மன், மிஷெல் பிளேக், ஜூலியா ஸ்பென்சர்-ஃபிளெமிங், கேட் சார்லஸ் ஆகியோரின் நாயகியர் வந்தனர்.

இந்நாவல்களைப் படிப்போருக்கு ஓர் அபிப்பிராயம் எளிதில் எழக்கூடும்: ஆண் குருவின் தர்க்கத்தோடு பெண்ணுக்கு இயல்பான கருணையும், பிறர் துயரைச் செவிமடுக்கும் பொறுமையும் சேர்ந்துவிட்டன என்பதே அது. பார்வைக்கு இனிதாயினும் இவ்வபிப்பிராயம் நூல்களின் சாட்சியத்துக்குப் பொருந்தவில்லை. கருணையில் பாதர் பிரவுனை விஞ்சியவர் அரியர். செவிமடுக்கும் பொறுமையில் கேட்ஃபெலும் குறைந்தவரல்லர். பெண் குருவைத் தனியொரு வகையாக நிறுத்துவது அவளுடைய அதிகாரத்தின் நிலைமை என்பதே இக்கட்டுரையின் வாதம். பிறரைக் கேள்வி கேட்கப் புகும் அவளையே, அப்பதவியில் நிற்க உனக்கு என்ன உரிமை என்று சபையும் மேலிடமும் ஓயாமல் கேள்வி கேட்கின்றன. விசாரிப்பவளும் விசாரணைக்கு உள்ளானவளும் ஒருத்தியே ஆகும்போது, துப்பறியும் கதையின் பழைய கட்டுக்கோப்பு உள்ளிருந்தே மாறிவிடுகிறது.

இந்நிலைமையின் வேர் வரலாற்றில் இருக்கிறது. ஆங்கிலிக்கன் மரபில் முதன்முதலாகக் குருப்பட்டம் பெற்ற பெண், 1944 ஜனவரியில் போர்க்காலச் சீனத்தில் ஹாங்காங் பேராயர் ரொனால்ட் ஹாலின் கரங்களால் அபிஷேகம் பெற்ற ஃபுளோரன்ஸ் லீ டிம்-ஓய். எழுந்த கண்டனத்தைத் தணிப்பதற்காக, போர் முடிந்ததும் அவர் குருப்பணி உரிமத்தைத் துறக்க நேர்ந்தது. அமெரிக்காவின் எப்பிஸ்கோபல் திருச்சபையில் 1974 ஜூலை 29ஆம் நாள் பிலடெல்பியாவில் பதினொரு பெண்கள் சபைச் சட்டத்தின் அனுமதிக்குக் காத்திராமல் அபிஷேகம் பெற்றனர். 1976இல்தான் அச்சபையின் பொது மாநாடு அதற்கு இசைவு தந்தது. அதே 1976இல் தென்னிந்தியத் திருச்சபையும் தன் முதற் பெண் குருவைக் கண்டது. இங்கிலாந்துத் திருச்சபையோ 1992 நவம்பர் 11ஆம் நாள் வாக்கெடுத்து, 1994 மார்ச் 12ஆம் நாள் பிரிஸ்டல் பேராலயத்தில் 32 பெண்களுக்கு முதன்முதலாகக் குருப்பட்டம் அளித்தது.

இவ்வரலாற்றில் நம் ஆராய்ச்சிக்குப் பிரதானமானது ஒரு விசித்திரமான சட்டநிலை. இங்கிலாந்தில் பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்க இடந்தந்த அதே 1993ஆம் ஆண்டுச் சட்டம், விருப்பமில்லாத பங்குகள் அவர்களை ஏற்க மறுக்கவும் வழிசெய்தது. எதிர்ப்பாளரைக் கவனித்துக்கொள்ளத் தனிப் பேராயர்களை நியமிக்கவும் சபைச் சங்கம் அவ்வாண்டிலேயே ஏற்பாடு செய்தது. ஒரே திருச்சபையில், ஒரே பேராயரின் கீழ், ஒருத்தி இந்தத் தெருவில் குருவாகவும் அடுத்த தெருவில் குருவல்லாதவளாகவும் இருக்கலாம் என்ற நிலை சட்டப்படியே உண்டாயிற்று. பட்டம் செல்லும், ஆனால் அதை மறுப்பதும் செல்லும். வேறெந்தத் துப்பறிபவரும் இத்தகைய இரட்டை நியதியின் மேல் நின்று தம் வேலையைத் தொடங்கியதில்லை.

பழைய மரபோடு ஒப்பிட்டால் வேறுபாடு துலங்கும். பாதர் பிரவுன் குற்றவாளியின் மனத்தை அறிவது, மனிதரின் பாவங்களை நாள்தோறும் கேட்டுப் பழகிய பாவசங்கீர்த்தனக் கூண்டின் பயனாக. அந்தக் கூண்டில் அமர அவருக்கு உள்ள உரிமையைச் செஸ்டர்டனின் கதைகளில் எவரும் ஐயுறுவதில்லை. அவருடைய குட்டை உருவத்தையும் குடையையும் கண்டு ஏளனம் செய்பவர்கூட அவருடைய பட்டத்தை மறுப்பதில்லை. கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1948இல் எழுதிய 'தி கில்ட்டி விகரேஜ்' என்னும் கட்டுரையில், துப்பறியும் கதை களங்கமற்ற சமுதாயம் ஒன்றில் தொடங்கி, கொலையால் அது குலைந்து, கொலைகாரன் நீக்கப்பட்டதும் மீண்டும் களங்கமற்றதாவதைக் காட்டும் கற்பனை என்று விளக்கி, தமக்கு முழுத் திருப்தியளித்த மூன்று துப்பறிபவருள் ஒருவராகப் பாதர் பிரவுனையும் எண்ணினார். அவ்விளக்கத்தின்படி துப்பறிபவர் களங்கத்துக்கு வெளியே நிற்பவர். சமுதாயத்தைச் சுத்திசெய்துவிட்டு விலகிக்கொள்ளும் தகுதி அவருக்கு இயல்பிலேயே உண்டு.

பெண் குருவுக்கு இவ்விரண்டும் இல்லை. ஆங்கிலிக்கன் பங்குகளில் குருவிடம் தனியே பாவ அறிக்கை செய்யும் வழக்கம் அரிதாதலால், அவளுடைய அறிவு கூண்டிலிருந்து வருவதன்று. மருத்துவமனைக் கட்டிலருகே இருப்பதிலிருந்தும், அடக்க ஆராதனைக்கு நாள் குறிக்கச் செல்லும் வீட்டிலிருந்தும், கூரைச் செலவைப் பற்றிச் சச்சரவிடும் சபைக் கமிட்டியிலிருந்தும் வருவது. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிளும் கிராமத்தின் அன்றாட வாழ்விலிருந்தே உண்மையைத் திரட்டினாள். 1930இல் வெளிவந்த அவளுடைய முதல் நாவலின் கொலை நடப்பதே குருமனையில்தான். அப்படியாயின் பெண் குரு என்பவள் கழுத்துப்பட்டை அணிந்த மிஸ் மார்ப்பிள்தானே என்று ஒருவர் கேட்கலாம். மிஸ் மார்ப்பிளின் பலமெல்லாம் எவருடைய கண்ணிலும் படாதிருப்பதில் அடங்கியது. பின்னல் ஊசியோடு மூலையில் அமர்ந்திருக்கும் கிழவியை யாரும் பொருட்படுத்துவதில்லை. பெண் குருவோ ஊரில் எல்லோருடைய கண்ணும் படியும் இடத்தில் நிற்பவள். அவள் யாருடைய வீட்டுக்கு எத்தனை மணிக்குச் சென்றாள் என்பதும் செய்தியாகும். மறைந்திருந்து காண்பது அவளுக்கு இயலாத காரியம்.

இதைவிட வலிய ஆட்சேபம் கெமல்மனின் நாவலிலிருந்து எழுகிறது. 'ஃபிரைடே த ராபை ஸ்லெப்ட் லேட்' என்னும் அந்நூலில் டேவிட் ஸ்மாலின் பதவி ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதா என்று ஜெப ஆலயக் குழு பூசலிடும் வேளையில் கொலை நேர்ந்து, சந்தேகம் அவர்மீதே படிகிறது. பதவி ஆட்டங்காணும் குருவை 1964லேயே ஓர் ஆண் பாத்திரத்தில் காண்கிறோம் அல்லவா? காண்கிறோம்; ஆனால் குழுவினர் குறைகூறுவது அவருடைய கசங்கிய உடையையும், கலந்து பழகாத சுபாவத்தையும், அவர்கள் எதிர்பார்த்த தோரணை இன்மையையுமே. அவர் நல்ல ராபையா என்பது வினா. அவர் ராபையா என்பது வினாவன்று. தால்முத் கல்வியில் தேர்ந்த தர்க்கம் அவருக்கு அசையாத அரணாக நிற்கிறது. வழக்கை அவிழ்ப்பதும் அந்தத் தர்க்கமே. தகுதியைப் பற்றிய ஐயத்தைச் சாமர்த்தியத்தால் தீர்க்கலாம்; உரிமையைப் பற்றிய ஐயம் எத்தனை கொலைகாரரைக் கண்டுபிடித்தாலும் தீர்வதில்லை. கெமல்மன் திறந்துவைத்த வாசல் வழியாகவே பெண் குரு வந்தாள் என்பது மெய்யாயினும், வந்து நின்ற நிலம் வேறு.

அந்த நிலத்தின் வரைபடத்தை இங்கிலாந்து நாவல்கள் படிப்படியாகத் தருகின்றன. கிரீன்வுட்டின் 'கிளெரிக்கல் எரர்ஸ்' வெளிவந்த 1991இல் இங்கிலாந்தில் பெண்கள் டீக்கன் பட்டத்துக்கு மேல் செல்ல இயலாதிருந்தது. அதன் நாயகி தியடோரா பிரெய்த்வெயிட்டும் டீக்கனே. பேராலயத்தின் ஞானஸ்நானத் தொட்டியில் வெட்டுண்ட தலை கிடக்கும் கோரத்தோடு தொடங்கும் அக்கதையில், திருச்சபையின் உள்ளிருந்தும் அதன் அதிகாரத்துக்கு வெளியே நிற்பவளின் கண்ணே உண்மையைக் காண்கிறது. கேட் சார்லஸின் 'ஈவில் இன்டென்ட்' வெளிவந்த 2005இலோ பட்டமும் வந்துவிட்டது, பகையும் வளர்ந்துவிட்டது. பெண் குருமாரை வன்மையாக எதிர்த்த ஆண் குரு ஒருவர் கொலையுண்ண, சந்தேகம் நாயகி கேல்லி ஆன்சனின் தோழியான மூத்த பெண் குருவின்மேல் விழுகிறது. சபைத் தகராறே கொலைக்கு முகாந்தரமாகக் கருதப்படும் அளவுக்கு, பட்டத்தைப் பற்றிய வழக்கும் கொலை வழக்கும் அங்கே ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன.

இவ்வரிசையில் மிக ஆழமானது ரிக்மனின் தொடர். 'தி வைன் ஆஃப் ஏஞ்சல்ஸ்' (1998) நாவலில், கணவனை இழந்த மெரிலி வாட்கின்ஸ், பருவ வயது மகள் ஜேனுடன் ஹெரெஃபோர்ட்ஷயரின் லெட்வர்டீன் என்னும் கற்பனைக் கிராமத்துக்குக் குருவாக வருகிறாள். பதினேழாம் நூற்றாண்டில் சூனியக் குற்றம் சுமத்தப்பட்ட அவ்வூர்க் குரு ஒருவரைப் பற்றிய நாடகத்தை ஆலயத்தில் நடத்தலாமா என்ற சர்ச்சை அவளை வரவேற்கிறது. அடுத்த நாவலாகிய 'மிட்வின்டர் ஆஃப் த ஸ்பிரிட்' (1999), நவீன நோக்குடைய பேராயர் அவளைப் பேயோட்டும் பணிக்கு நியமிப்பதைச் சொல்கிறது. அப்பணியின் பழைய உரிமையாளரான வயது முதிர்ந்த குரு அவளை ஏற்க மறுக்கிறார். அவளுக்குப் பயிற்சி தரும் ஹூ ஓவனும், இப்பதவியில் ஒரு பெண் அமர்வது எத்தகைய வக்கிர மனங்களையெல்லாம் அவள்பால் ஈர்க்கும் என எச்சரிக்கிறார்.

பேயோட்டுதலைத் துப்பறியும் நாவலில் நுழைப்பது சாமானியமான துணிவன்று. 1929இல் துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்து, அவற்றுள் அமானுஷ்ய சக்திகளை அறவே விலக்கியவர், தாமே கத்தோலிக்கக் குருவாகிய ரொனால்ட் நாக்ஸ். ரிக்மன் அவ்விதியை முற்றும் மீறவில்லை. அவருடைய கொலைகாரர் மனிதரே. ஆயின் மனிதச் செயலைக் கண்டுபிடித்த பிறகும் விளங்காமல் எஞ்சும் ஒன்றை அவர் விட்டுவைக்கிறார்; தான் கண்டது ஆவியா, களைப்புற்ற மூளையின் மயக்கமா என்று மெரிலியே அறுதியிட இயலாமல் தவிக்கிறாள். நம்புவோருக்கு அவள் பெண் என்பதால் ஐயம். நம்பாதோருக்கு அவள் பேயோட்டுபவள் என்பதால் ஐயம். இவ்விரு ஐயங்களுக்கும் நடுவே அவள் அடையும் தெளிவு, எதையும் அவசரமாகத் தீர்ப்பிடாத தெளிவாக இருக்கிறது. ரிக்மன் ஓர் ஆண் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளவேண்டும்: இந்நாவல்களின் விசேஷம் பெண் எழுத்தாளரின் இயல்புணர்ச்சியிலிருந்து பிறந்ததாயின், அதன் சிறந்த உதாரணம் ஓர் ஆணின் கையிலிருந்து வந்திருக்க நியாயமில்லை. அது பதவியின் அமைப்பிலிருந்து பிறப்பது.

அட்லாண்டிக்கின் மறுகரையில் ஸ்பென்சர்-ஃபிளெமிங் இதே பிரச்சினையை வேறு வகையில் நடத்துகிறார். 'இன் த பிளீக் மிட்வின்டர்' (2002) நாவலின் கிளேர் ஃபெர்கூசன் முன்னாள் இராணுவ ஹெலிகாப்டர் விமானி. நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் மில்லர்ஸ் கில் என்னும் கற்பனைச் சிற்றூரின் முதற் பெண் குருவாக வந்தவள். பனிக்கால இரவில் ஆலயப் படியில் ஒரு சிசு விடப்பட்டிருப்பதைக் கண்டெடுத்து, மணமாகாத இளந்தாய்மாருக்குச் சபை உதவவேண்டும் என்று அவள் முனையும்போது, கமிட்டியின் பெரியவர்கள் முகஞ்சுளிக்கின்றனர். கொலையைத் துருவும் அவளுடைய ஒவ்வோர் அடியும், அவள் குருவாக இருக்கத் தக்கவளா என்று அவர்கள் எழுதிவரும் கணக்கில் ஒரு வரியாகிறது. மூன்றாம் நாவலாகிய 'அவுட் ஆஃப் த டீப் ஐ கிரை' (2004) இன்னும் கூர்மையானது. ஒழுகும் ஆலயக் கூரையைச் செப்பனிடப் பணம் வேண்டும். அந்தப் பணமோ, ஏழைகளுக்கான மருத்துவ நிலையத்துக்குப் பயன்பட்டுவந்த அறக்கட்டளையிலிருந்து திருப்பப்படுவது. கொலைக்கும் கூரைக்கும் உள்ள தூரம் குறையக் குறைய, ஆடன் கூறிய களங்கமற்ற சமுதாயம் என்பது தொடக்கத்திலேயே இல்லை என்பது புலனாகிறது. விசாரிக்கும் குருவின் தலைக்கு மேலுள்ள கூரையே விசாரணைக்குரிய பொருளாகிவிடுகிறது.

இதனால் கதையின் முடிவும் மாறுகிறது. பாதர் பிரவுன் ஓர் உண்மையைக் கண்டபின் அடுத்த கதைக்கு அடுத்த ஊரில் காணப்படுவார். கிளேருக்கும் மெரிலிக்கும் அந்த விடுதலை கிடையாது. கொலைகாரன் யாருடைய தந்தையோ அவருக்கே மறு ஞாயிறு திருவிருந்து அளிக்கவேண்டிய கடமை அவர்களுடையது. இவ்வகை நாவல்கள் தனி நூல்களாக நில்லாமல் ஒவ்வொன்றும் முந்தையதன் காயத்தோடு தொடங்கும் தொடர்களாக வளர்ந்ததன் காரணம், வாசகர் ஆதரவு ஒன்றே ஆகாது. 'ஆல் மார்ட்டல் ஃபிளெஷ்' (2006) நாவலில், கிளேரைக் கண்காணிக்கப் பேராயர் ஒரு பெண் டீக்கனையே அனுப்பிவைக்கிறார். குற்றத்தைக் கண்காணிப்பவளைக் கண்காணிக்க இன்னொருத்தி வருவதில், இந்த வகையின் உள்ளமைப்பு முழுவதும் ஒரே சம்பவத்தில் வெளிப்பட்டுவிடுகிறது.

பெண் குரு என்பது நாளடைவில் சாதாரணக் காட்சியாகும்போது இந்நாவல்களின் ஆதாரமே அழிந்துவிடாதா என்பது கடைசி வினா. அழியும் என்பதற்குத் தொடர்களின் பிற்பகுதி சாட்சி சொல்லவில்லை. 'ஒன் வாஸ் எ சோல்ஜர்' (2011) நாவலில் ஈராக் போரிலிருந்து மீண்ட கிளேரை, பெண் என்பதற்காக எவரும் பெரிதாகச் சோதிப்பதில்லை; ஆனால் மதுவுக்கும் மாத்திரைக்கும் ஆட்பட்டவளாக, பலிபீடத்தின் முன் நிற்க எனக்கு அருகதை உண்டா என்று அவளே தன்னை விசாரிக்கிறாள். முன்பு கமிட்டி கேட்ட கேள்வி அவளுடைய உள்ளத்துக்குள் குடிபுகுந்துவிட்டது. பாலினம் ஒரு வரலாற்றுச் சந்தர்ப்பமாக அமைந்து, குருத்துவத்தின் அதிகாரம் எவரிடத்திலும் இயல்பாக ஊறுவதன்று, ஒவ்வொரு நாளும் நிரூபிக்கப்படவேண்டிய இரவல் அதிகாரம் என்ற உண்மையைத் திறந்துகாட்டியது. திறந்தபின் அது ஆண் குருவுக்கும் பொருந்துவதே. துப்பறிபவரின் கேள்வி கேட்கும் உரிமையை வாதத்துக்கு இடமின்றி ஏற்றுக்கொண்டு நூறாண்டு நடந்துவந்த ஓர் இலக்கிய வகையில், அந்த உரிமைக்கே கணக்குக் கேட்ட பெருமை இந்நாவல்களைச் சாரும். இவற்றைப் பெண்ணுக்குரிய கருணையின் வெளிப்பாடாகப் புகழ்ந்து ஒதுக்குவது, இவற்றின் தலையாய சாதனையைக் காணாமல் விடுவதாகும்.