கிண்டி, 1974

பழவேற்காட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு குதிரை ரேஸைப் பற்றி எழுதுவது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். ஆனால் கிண்டி என்ற பெயரை நான் முதலில் கேட்டதே இங்கேதான். இறால் கூடையோடு பொன்னேரி போய் ரயிலேறிப் பட்டணம் போகும் என் சித்தப்பா, ரேஸ் நாட்களில் இருட்டின பிறகே திரும்புவார். கூடை வரும், காசு வராது. "இன்னைக்குப் பாடு இல்ல" என்பார். வலையில் ஒன்றும் விழாத நாளுக்கும் அவருக்கு அதே சொல்தான்.

1974இல் ரேஸை ஒழித்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது சித்தி அம்மன் கோவிலில் விளக்கேற்றினாள். விளக்கு வீண். சட்டம் வந்தது, குதிரை நிற்கவில்லை.

கிண்டியில் ரேஸ் 1777இலிருந்து நடக்கிறது என்பார்கள். மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896இல் ஏற்பட்டது. சூதாட்டத்தைத் தண்டிக்கிற சட்டங்கள் குதிரைப் பந்தயத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தன. தெருவோரத்தில் சீட்டாடுகிறவனைப் போலீஸ் பிடிக்கும். துரைமார் கூடும் இடத்தில் அதே போலீஸ் காவல் நிற்கும். இந்த விலக்கை நீக்க 1949இலேயே ஒரு திருத்தம் நிறைவேற்றினார்கள். அது கால் நூற்றாண்டு அலமாரியில் தூங்கியது. 1974இல் கருணாநிதி அரசு ரேஸையும் அதன்மேல் பணம் கட்டுவதையும் ஒழிக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. 1971இல் தளர்த்திய மதுவிலக்கைத் திரும்ப இறுக்கியதும் அதே ஆண்டில்தான். ஆறு வருஷத்துக்கு முன் அரசாங்கப் பரிசுச்சீட்டைத் தொடங்கிய கட்சியும் அதுவேதான் என்பதை யாரும் பெரிதாகப் பேசியதாக நினைவில்லை.

கிளப் கோர்ட்டுக்குப் போனது. ஹைகோர்ட்டில் தோற்றது. ஸுப்ரீம் கோர்ட் இடைக்காலத் தடை கொடுத்தது. அந்தத் தடையின் நிழலில் இருபது வருஷத்துக்கு மேல் குதிரைகள் ஓடின. நடுவில் 1986இல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் போட்டது. 1996 ஜனவரி 12ஆம் தேதி தீர்ப்பு வந்தபோது இரண்டு சட்டங்களுமே நிற்கவில்லை. ரேஸ் திறமையின் விளையாட்டு, சூது அல்ல என்றது நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு. குதிரையின் வேகமும் தாங்கும் சக்தியும் பயிற்சியால் வருகின்றன, ஜாக்கியின் கெட்டிக்காரத்தனம் தற்செயல் இல்லை என்பது வாதம். எதில் திறமை மேலோங்குகிறதோ அது சூதில்லை என்ற அளவுகோல் 1957இலேயே போடப்பட்டது. 1968இல் அதை வைத்து ரம்மியையும் தப்பவிட்டிருந்தார்கள்.

சித்தப்பா 1996ஐப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மீசையைத் தடவிக்கொண்டிருப்பார். ஆனால் திறமை குதிரைக்கும் ஜாக்கிக்கும் இருக்கிறது, சரி. கூடை விற்ற காசை டிக்கெட் ஜன்னலில் நீட்டுகிறவனுக்கு என்ன இருக்கிறது? பந்தயப் புத்தகத்தைப் படித்துக் கணக்குப் போடுவதும் திறமையே என்கிறார்கள். சித்தப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இந்த இடத்தில் தீர்ப்பு எனக்கு நழுவுகிறது. நம் கதைகளிலும் ரேஸ் என்றால் சொத்தழித்த மைனர்தான் வருவான், கூடைக்காரன் வருவதில்லை.

இதையெல்லாம் யோசிக்கும்போது எங்கள் ஏரியின் பாடு முறை குறுக்கே வருகிறது. இறால் வலை கட்டும் இடங்களைப் பட்டினவர் கிராமங்கள் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றன. யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். சுத்த அதிர்ஷ்டம். ஆனால் அதைச் சூது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. நல்ல இடம் பணக்காரனுக்கே போகாமலிருக்கப் பெரியவர்கள் கண்ட வழி அது. அதிர்ஷ்டம் இங்கே நியாயத்தின் வேலையைச் செய்கிறது. சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும் ஒன்றும் உண்டு: சீட்டில் பெயர் ஏறுவது அந்தச் சாதியின் ஆண்களுக்குத்தான். ஏரியையே நம்பிப் பக்கத்தில் வாழும் மற்றவர்களுக்குக் குலுக்கலிலேயே இடமில்லை. அடிதடிகள் அதிலிருந்துதான் பிறந்தன. திறமையா அதிர்ஷ்டமா என்று கோர்ட் கேட்டது. யார் பெயரைச் சீட்டில் எழுதினீர்கள் என்று கேட்க அதற்கு அவசியம் நேரவில்லை.

கிண்டிக்கும் அப்படி ஒரு கேள்வி கடைசியில் வந்தது, நிலத்தின் வழியாக. 1946இல் 160 ஏக்கர் 99 வருஷக் குத்தகைக்கு விடப்பட்டது. வருஷ வாடகை 614 ரூபாயும் சில்லறையும். சித்தப்பா ஒரு நல்ல ஞாயிற்றுக்கிழமையில் அவ்வளவு தோற்றிருப்பார் என்று சொன்னால் சித்தி சிரிக்கமாட்டாள். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்துசெய்து நிலத்தை எடுத்துக்கொண்டது. மழைவெள்ளம் தேங்க அங்கே குளம் வெட்டத் தொடங்கினார்கள். வழக்கு திரும்பவும் கோர்ட்டுக்குப் போனது.

எங்கள் ஏரிக்குக் குத்தகைப் பத்திரம் எதுவும் இல்லை. 1980இல் தமிழ்நாட்டுப் பகுதியைப் பறவைச் சரணாலயமாக அறிவித்தார்கள். பாடு எடுக்கிற சீட்டுகளை இன்னமும் நோட்டுத் தாளில்தான் கிழிக்கிறார்கள்.